ஏர்கானுக்கு விலை கேட்கும் முன் ஃபியூம் ஹூட்டை எண்ணுங்கள்

ஆய்வகமும் அலுவலகமும் சேர்ந்த பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கிறீர்களா? ஏர்கானுக்கு விலை கேட்கும் முன், தரைப்பரப்பு கிடக்கட்டும், ஃபியூம் ஹூட் (ரசாயனப் புகையை உறிஞ்சும், முன்பக்கம் ஏற்றி இறக்கும் கண்ணாடி கொண்ட பெட்டி) எத்தனை என்று முதலில் எண்ணுங்கள். அப்புறம் ஆய்வகத்துக்கும் அலுவலகத்துக்கும் காற்றுக் குழாய்களைத் தனித்தனியாகவே போடச் சொல்லுங்கள்.

அலுவலகக் காற்றில் பெரும்பகுதியைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடலாம், ஆனால் ஹூட் இழுக்கும் குளிர்ந்த காற்று முழுக்க வெளியே போய்விடும், அதற்கு ஈடாக வெளிக்காற்றை உள்ளே கொண்டுவந்தே ஆக வேண்டும். 1.5 மீட்டர் அகல ஹூட்டின் கண்ணாடியை அரை மீட்டர் தூக்கிவைத்து வினாடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் இழுத்தால், மணிக்கு 1,350 கன மீட்டர் காற்று. சிங்கப்பூரின் மதியப் புழுக்கத்தில் அதைக் குளிர்வித்து ஈரத்தை வடிக்க ஏறத்தாழ 20 கிலோவாட் குளிரூட்டும் திறன் வேண்டும். ஒரே ஒரு ஹூட்டுக்கு! கண்ணாடியை இறக்கினால் காற்றின் அளவும் தானாகக் குறையும் வகையை வாங்கினால், செலவு நன்றாகவே இறங்கும்.

விலைப்பட்டியலில் ஹீட்டரைக் கண்டால், இந்தப் புழுக்கத்தில் அது எதற்கு என்று தோன்றும். ஈரம் வடிய 13 டிகிரி வரை குளிர்ந்த காற்றை அப்படியே விட்டால் ஆய்வகம் விறைத்துவிடும், அதனால் லேசாகச் சூடேற்ற வேண்டியிருக்கும். மின் ஹீட்டர் வேண்டாம், உள்ளே வரும் வெளிக்காற்றின் சூட்டையே எடுத்துக் கொடுக்கும் ஹீட் பைப் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கணினி, மின்னணு ஆய்வகங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே கருவிகள் கக்கும் வெப்பம்தான் அளவைத் தீர்மானிக்கும். வடிகட்டிய காற்றை அறைக்கே திருப்பிவிடும் ஹூட்டுகளையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.