தோற்றுக்கொண்டிருக்கும் கழகத்துக்குப் புதிய பயிற்றுவிப்பாளரைத் தெரிவு செய்வது எப்படி?

கழகம் தொடர்ந்து ஐந்தாறு ஆட்டம் தோற்றுவிட்டால், நிர்வாக சபைக் கூட்டத்தில் முதலில் கேட்கும் குரல் "கோச்சை மாத்துங்க" என்பதுதான். மாற்றலாம். எப்படி மாற்றுவது என்றுதான் யாரும் சொல்லித் தருவதில்லை. மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு சிறிய உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளராக இருந்து இரண்டு தடவை இந்த வேலையைச் செய்திருக்கிறேன். முதல் தடவை ஒரே இரவில் முடிவெடுத்தோம். வந்தவர் இரண்டரை மாதத்தில் போனார். அவரோடு கோபித்துக்கொண்டு நாலு நல்ல பொடியன்களும் கழகத்தை விட்டுப் போனார்கள். இரண்டாம் தடவை ஆறு கிழமை எடுத்தோம். அந்த ஆறு கிழமையில் செய்ததைத்தான் எழுதுகிறேன்.

தொடங்க முன் ஒரு விடயம். இங்கிலாந்துக் கழகங்களில் மனேஜர் என்றால் அணியைத் தெரிவு செய்வதும் ஆட்டத் திட்டம் போடுவதும் அவர் வேலை. நம் பக்கத்தில் முகாமையாளர் பெரும்பாலும் ஜேர்சி, வீரர் பதிவு, வாகனம் பார்ப்பவர்; பயிற்சி கொடுப்பவர் வேறு. இரண்டையும் ஒருவர் தலையில் கட்டப்போகிறீர்களா என்பதை முதலே பேசி முடித்துவிடுங்கள்.

படி 1: தோல்வியைப் படியுங்கள்

ஒரு கொப்பி எடுங்கள். கடைசி எட்டு ஆட்டத்தில் வாங்கிய ஒவ்வொரு கோலையும் அதில் எழுதுங்கள்: எத்தனையாவது நிமிடம், பந்து எந்தப் பக்கத்தால் வந்தது, கோர்னரா, பெனால்டியா, அந்த நேரம் பின்னால் எத்தனை பேர் நின்றார்கள். யாராவது ஒருவரின் போனில் வீடியோ இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

எங்கள் கொப்பியில் 17 கோல் சேர்ந்தது. அதில் 11 கடைசி 20 நிமிடத்தில் விழுந்தவை. அதுவரை நாங்கள் கோல் காப்பாளரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். கொப்பியைப் பார்த்த பிறகுதான் விளங்கியது: பின்களத்தில் நிற்கிற மூன்று பேர் விடியப்புறம் கடலுக்குப் போய்விட்டுப் பின்னேரம் மைதானத்துக்கு வருகிறவர்கள். 70 நிமிடத்துக்கு மேல் அவர்களுக்குக் கால் ஓடாது. அவர்களை மாற்றி இறக்க வெளியில் ஆளும் இல்லை. பயிற்சிக்கு வந்ததே ஒன்பது பேர். ஒன்பது பேரை வைத்துக்கொண்டு எந்தக் கோச் என்ன பழக்குவார்? பழையவர்மேல் நாங்கள் கொட்டிய வார்த்தைகளை நினைத்தால் இன்றும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோச்சை மாற்றியவுடன் இரண்டு ஆட்டம் வென்றால் அது புதியவரின் கைராசி என்று ஊர் பேசும். மிக மோசமாக விளையாடிய காலத்துக்குப் பின்னால் வருவது பொதுவாகக் கொஞ்சம் நல்லதாகத்தான் இருக்கும், ஆள் மாறாவிட்டாலும். ஆகவே முதல் இரண்டு ஆட்டத்தை வைத்து யாரையும் தூக்கிவைக்கவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம்.

படி 2: வேலை என்னவென்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

கிழமைக்கு எத்தனை நாள் பயிற்சி, எத்தனை மணிக்கு, பெற்றோல் செலவுக்கு மாதம் எவ்வளவு கொடுக்க முடியும், அதை எந்தத் தேதியில் கொடுப்பீர்கள். இல்லாத காசை எழுதாதீர்கள். எல்லாவற்றையும் விட முக்கியமான வரி, பதினொரு பேரைத் தெரிவு செய்வது யார் என்பது. கோச் தெரிவு செய்த அணியை ஆட்ட நாள் காலையில் தலைவரோ காசு கொடுத்தவரோ மாற்றுகிற கழகத்துக்கு எந்தக் கோச் வந்தும் பயனில்லை. எங்கள் முதல் முயற்சி உடைந்தது அந்த இடத்தில்தான். இரண்டாம் தடவை, அணித் தெரிவு முழுவதும் பயிற்றுவிப்பாளர் பொறுப்பு என்று எழுதி, நிர்வாக சபையில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன்.

படி 3: ஆள் தேடுங்கள்

மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் ஆட்டம் நடக்கிற நாளில் போய் ஓரமாக நின்றாலே பாதி விபரம் கிடைக்கும். பாடசாலை உடற்கல்வி ஆசிரியர்கள், விளையாட்டை விட்ட மூத்த வீரர்கள், பக்கத்துக் கழகங்களில் உதவிக் கோச்சாக இருப்பவர்கள் என்று நாலைந்து பெயர் போதும். கல்முனை, மருதமுனைப் பக்கமும் கேளுங்கள். தூரம் என்று விட்டுவிட வேண்டாம்.

சான்றிதழைப் பாருங்கள். ஆசிய கால்பந்து சம்மேளனத்தின் பயிற்றுவிப்பாளர் தகுதி டி, சி, பி, ஏ, புரோ என்று கீழிருந்து மேலே போகும். கிராமத்துக் கழகம் ஒன்றுக்கு சி தகுதி உள்ள ஒருவர் கிடைத்தால் பெரிய விடயம். அது இல்லாத நல்ல கோச்மாரும் இருக்கிறார்கள். அடுத்த வகுப்புக்கு அனுப்பக் கழகம் உதவலாம்.

படி 4: பேசிப் பாருங்கள்

கேள்வி கேட்க மூன்று பேர் போதும், பத்துப் பேர் சுற்றியிருந்து விசாரணை மாதிரி நடத்தாதீர்கள். நான் எல்லோரிடமும் கேட்ட கேள்வி இது: "சேர், நீங்க கடைசியாத் தோத்த மெட்ச்ல உங்கட பக்கம் என்ன பிழை நடந்தது?" ஒருவர் பத்து நிமிடம் மத்தியஸ்தரைப் பற்றியே பேசினார். இன்னொருவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இடைவேளைக்குப் பிறகு ஆளை மாத்தியிருக்கணும், பிந்திட்டன்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

பெயர் பெரிதாக இருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். இங்கிலாந்தில் பெயர்பெற்ற மனேஜர் பிரையன் கிளஃப் 1974இல் லீட்ஸ் கழகத்துக்குப் போய் 44 நாளில் விலக்கப்பட்டார். முன்பு தான் வெளிப்படையாகக் குறை சொன்ன வீரர்களுக்கே அவர் கோச்சாகப் போயிருந்தார். அவர்கள் மனம் அவரோடு சேரவில்லை. அதே மனிதர் 1975 ஜனவரியில் இரண்டாம் பிரிவில் கிடந்த நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டுக்குப் போனார். 1979, 1980 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றார்கள். உங்கள் பொடியன்களோடு வருகிறவர் ஒத்துப்போவாரா என்று ஒரு கதிரையில் இருத்திக் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குத்தான் அடுத்த படி.

படி 5: ஒரு பின்னேரம் பயிற்சி நடத்தச் சொல்லுங்கள்

இதை மட்டும் தவிர்க்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நாள், ஒரு மணித்தியாலம், அதே பொடியன்கள், அதே ஆறு பந்து. நீங்கள் வேலியோரம் தள்ளி நின்று பாருங்கள். வாய் திறக்க வேண்டாம்.

முதலில் வந்தவர் ஊரே அறிந்த பழைய முன்கள வீரர். தானே பந்தை எடுத்து அழகாக அடித்துக் காட்டினார். பொடியன்கள் கைதட்டினார்கள். ஒரு மணித்தியாலத்தில் அவர்கள் காலில் பந்து இருந்த நேரம் மிகக் குறைவு.

மற்றவர் உடற்கல்வி ஆசிரியர். வந்தவுடன் எல்லோருடைய பெயரையும் கேட்டார். பதினைந்து நிமிடம் விளையாட விட்டுவிட்டு விசில் அடித்து, இடது பின்களத்தில் நின்ற தம்பியைக் கூப்பிட்டார். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் மணலில் குந்தியிருந்து, ஒரு செருப்பையும் நாலு சிரட்டையையும் வைத்து, "பந்து அந்தப் பக்கம் போனா நீ எங்க வரணும்? நீயே வச்சுக் காட்டு" என்றார். தம்பி சிரட்டையை இரண்டு தடவை மாற்றி வைத்தான். பிறகு விளையாடும்போது அவன் கோல் பக்கம் பார்த்து உள்ளே நகர்வது வேலியோரத்திலிருந்தே தெரிந்தது. பயிற்சி முடிய, கடலுக்குப் போகிற மூன்று பேரையும் தனியாக நிறுத்தி எத்தனை மணிக்கு எழும்புகிறார்கள் என்று கேட்டார். எங்கள் கொப்பியை அவரிடம் நாங்கள் காட்டியிருக்கவில்லை.

அன்றிரவு பொடியன்களிடமும் அபிப்பிராயம் கேளுங்கள். ஒவ்வொருவராக, தனியாக. கூட்டமாகக் கேட்டால் மூத்தவர் சொல்வதைத்தான் மற்றவர்களும் சொல்வார்கள்.

படி 6: காலத்தை எழுத்தில் கொடுங்கள்

இன்னொரு பெரிய மனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 நவம்பரில் மன்செஸ்டர் யுனைட்டட்டைப் பொறுப்பெடுத்தபோது 22 அணிகளில் அது 21ஆம் இடத்தில் கிடந்தது. முதல் கிண்ணம் வந்தது 1990இல். நமக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. ஒரு முழுப் பருவமாவது கொடுங்கள். எங்கள் பக்கத்தில் நவம்பர் தொடங்கினால் மாரி மழையில் மைதானம் தண்ணீரில் நிற்கும், மழை ஓய வெள்ளாமை வெட்டு வந்துவிடும். அந்த மாதங்களில் பயிற்சி குறைந்ததைக் கோச்சின் கணக்கில் போடாதீர்கள். முதல் மூன்று மாதத்துக்கு வெற்றிகளை எண்ணாமல், பயிற்சிக்கு வருகிறவர்களின் தொகையையும் கடைசி 20 நிமிடத்தில் வாங்கும் கோலையும் மட்டும் எண்ணுங்கள்.

தெரிவாகாதவர்களுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். ஊர் வாயால் அவர்கள் கேள்விப்படக் கூடாது. பழைய கோச்சுக்கும் அப்படித்தான், முடிந்தால் ஒரு சின்னப் பிரியாவிடையோடு.

படி 7: கையளியுங்கள்

நியமனக் கடிதத்தோடு பந்துப் பை, பம்ப், சாமான் அறைத் திறப்பு, கோல் எழுதிய கொப்பி எல்லாவற்றையும் முதல் நாளே கொடுங்கள். வீரர் பட்டியலும் வேண்டும்: பெயர், போன் நம்பர், தொழில், எந்த நாளில் வர முடியாது. காயம் உள்ளவர் என்றால் எந்தக் கால், எப்போதிருந்து என்றும் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.