மேம்படுத்தலுக்குப் பின் கோப்பு முறைமை பழுதடைந்தால்

லினக்ஸை மேம்படுத்திய கையோடு, வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமை பழுதடைந்தால், பழியை உடனே புதிய பதிப்பின் மேல் போட்டுவிடாமல், லைவ் யூஎஸ்பி (நிறுவாமலே லினக்ஸை இயக்க உதவும் யூஎஸ்பி) வழியாகக் கணினியைத் துவக்கி, முதலில் வட்டு முழுவதையும் வேறொரு வட்டுக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். கோப்பு முறைமையைச் சரிபார்த்துப் பழுதுநீக்கும் எஃப்எஸ்சிகே (fsck) கட்டளையை அவசரப்பட்டு ஓட்டினால் பழுதின் தடயங்களும் சேர்ந்தே அழிந்துவிடும். பிறகு, வட்டு தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் (SMART) அறிக்கையைப் பாருங்கள். வட்டின் படிக்க முடியாத சிறு பகுதிகளான செக்டார்களைக் காட்டும் 197ஆம் எண்ணின் மதிப்பு ஏறியிருந்தால் வட்டையே சந்தேகிக்க வேண்டும். தரவுப் பரிமாற்றத்தில் நேரும் சிஆர்சி பிழைகளை எண்ணும் 199 மட்டும் கூடிக்கொண்டே போனால், கோளாறு பெரும்பாலும் வட்டைக் கணினியுடன் இணைக்கும் சாட்டா கேபிளில்தான். ரேம் நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓர் இரவு முழுவதும் ஓடவிடுவதும் அவசியம். இவை யாவும் சரியாக இருந்தால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை ஆராயுங்கள். 2023 டிசம்பரில் டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் 6.1.64 கெர்னலில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் தரவைச் சிதைக்கும் பிழை தெரியவந்ததால், டெபியன் 12.3 பதிப்பின் நிறுவல் படிமங்கள் நிறுத்தி வைக்கப்பட்டு, 6.1.66 கெர்னலுடன் 12.4 வெளிவந்தது.