ஒகினாவாவில் கடலைக் கடைசிக்கு வைக்காதீர்கள்

போன வாரம் ஒரு நண்பர், ஜப்பானின் தெற்கே இருக்கும் ஒகினாவா தீவுகளுக்கான தன் பயணத் திட்டத்தை அனுப்பி, ‘சரியா இருக்கா பாருங்க’ என்றார். முதல் இரண்டு நாள் தலைநகர் நாஹா. அப்புறம் விமானத்தில் இஷிகாகி தீவு. ஐந்தாம் நாள் இரவு ஹதெருமா தீவில். ஆறாம் நாள் மதியம் ஊர் திரும்பும் விமானம். பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. முதல் முறை போனபோது நான் போட்ட அட்டவணை அச்சு அசலாக அதுவேதான். தொப்பி, சன்ஸ்க்ரீன் எல்லாம் யாரும் சொல்லாமலே எடுத்துவைப்பீர்கள். அதை விட்டுவிட்டு, எளிதில் செய்துவிடும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வெளித்தீவைக் கடைசியில் வைப்பது

இஷிகாகி துறைமுகத்தில் கால அட்டவணையைப் பார்த்தால் எல்லாத் தீவும் பக்கத்துத் தெரு மாதிரிதான் தோன்றும். தகெதோமிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். கொஹாமா, குரோஷிமா அரை மணி. ஹதெருமா ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. துறைமுகம் ஒன்றுதான், கடல் வேறு. முதலில் சொன்ன மூன்றும் செகிசே என்ற பெரிய பவளத்திட்டுக்குள் அடங்கியவை. அலையைத் திட்டே உடைத்துவிடும். ஹதெருமா அதற்கு வெளியே, திறந்த கடலில் இருக்கிறது. ஜப்பானில் மக்கள் வாழும் தென்கோடித் தீவு அது.

நான் போனது செப்டம்பரில். திரும்ப வேண்டிய நாள் காலை வானத்தில் ஒரு மேகம் இல்லை. நான் தங்கியிருந்த மின்ஷுகு, அதாவது வீட்டு விடுதியில், பாட்டி துணி உலர்த்திக்கொண்டே ‘ஃபுனே, கெக்கோ’ என்றார். ஃபுனே என்றால் படகு. ‘கெக்கோ’வுக்கு ‘நல்லது’ என்று கையேட்டில் படித்திருந்தேன். சிரித்துத் தலையாட்டிவிட்டு, பையை இழுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தேன். அங்கே டிக்கெட் ஜன்னலில் ஓர் அட்டை, சிவப்பில் இரண்டே எழுத்து. அதையும் கெக்கோ என்றுதான் படிப்பார்களாம். பொருள்: படகு ரத்து.

வெயில் அடிக்கிறதே, காற்றுகூட இல்லையே என்று கையைக் காட்டி வாதாடினேன். அங்கிருந்தவர் உள்ளங்கையை மெதுவாக ஏற்றி இறக்கி ‘உனேரி’ என்றார். எங்கோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போகும் புயல் கிளப்பிவிடுகிற நீண்ட அலை அது. கரையில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. வெளிக்கடலில் படகைத் தூக்கிப்போடும். இரண்டு நாள் அங்கேயே கிடந்தேன். படகுக் காசு திரும்பி வந்தது. விமானத்துக்குப் புதிதாக 40,000 யென்னுக்கு மேல் கொடுத்தேன். பழைய டிக்கெட்டுக்கு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டபோது, ‘எங்கள் விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்டதே’ என்றார்கள். நியாயம்தான். ஆனாலும் அதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

புயல் மாதங்களைத் தவிர்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள். டிசம்பரிலிருந்து ஜூன் வரை ஹதெருமாவில் தென்சிலுவை விண்மீன்களைப் பார்க்கலாம் என்று பலர் குளிர்காலத்தில் கிளம்புகிறார்கள். அப்போது வடக்குக் காற்று படகை நிறுத்தும்.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள், அவ்வளவுதான். இறங்கியதும் நேரே வெளித்தீவு, அப்புறம் உள்தீவுகள், கடைசி இரண்டு நாள் நாஹா. படகு நின்றால் நாஹாவில் ஒரு நாள் குறையும், விமானம் தப்பாது. ஷுரி கோட்டையும் சுபோயா மண்பாண்டத் தெருவும் மகிஷி சந்தையும் அலைக்காக மூடுவதில்லை.

கடைசி நாள் டைவ்

இதைச் சொன்னதும் நண்பர் திட்டத்தை மாற்றினார். மாற்றிய திட்டத்தில், ஊர் திரும்பும் நாள் காலையில் கெராமா தீவுகளில் இரண்டு ஸ்கூபா டைவ்! 2014 முதல் தேசியப் பூங்கா, நாஹாவிலிருந்து படகில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடலாம், ஆசை வரும்தான். ஆனால் ஆழத்தில் சுவாசித்த காற்றிலிருந்து உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 2,000 மீட்டர் மலைமேல் நிற்பது போல் குறைகிறது, நைட்ரஜன் உடலுக்குள் குமிழாகி ஆபத்தாகிவிடலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம் கழித்தே பறக்கலாம். நான் முழுதாக ஒரு நாள் விடுவேன். இஷிகாகியிலிருந்து நாஹாவுக்கு ஒரு மணி நேரம்தானே என்று கேட்பார்கள். அதுவும் விமானம்தான்.

டைவ் மருத்துவப் படிவத்தை அங்கே போய் நிரப்புவது

ஆஸ்துமா, ரத்த அழுத்தம் என்று ஒன்றில் ‘ஆம்’ விழுந்தாலும் மருத்துவர் சான்றிதழ் கேட்பார்கள். ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

உதாகியில் உட்கார்வது

உதாகி என்பது ஒகினாவாவின் ரியூக்யூ மக்களின் புனிதத் தோப்பு. பெரும்பாலும் கட்டடம் இருக்காது; மரமும் பாறையும்தான். நான்ஜோவில் உள்ள செஃபா உதாகியில் ஒருவர் கால் வலிக்கிறதென்று தரையோரத்துக் கல்லில் உட்காரப் போனார். அது ஊதுபத்தி வைக்கும் கல். நம் ஊர்க் கோயில்காட்டில் நடுகல்லில் உட்கார்வோமா? கல், கிளிஞ்சல் எதையும் எடுத்துவராதீர்கள்.

இஷிகாகியின் கபிரா விரிகுடாவில் நீந்துவது

தடை. கண்ணாடி அடிப்படகு உண்டு.

மழையில் பிரேக்கை நம்புவது

தார்ச்சாலையில் பவளச் சுண்ணாம்புக்கல் கலந்திருக்கும். நனைந்தால் வழுக்கும்.

இரியோமோதேயில் இரவு வேகம்

அந்தத் தீவுக்கே உரிய காட்டுப்பூனை மொத்தம் நூறு போலத்தான் மிஞ்சியிருக்கிறது. சாலையில் அடிபட்டுச் சாகிறது. ஊருக்கு வெளியே வரம்பு 40 கிலோமீட்டர். இருட்டில் நான் 30இல் போவேன். பின்னால் வருபவர் முந்திப் போகட்டும்.