வெள்ளை வண்ணமே இல்லாமல் பனி வரைவது எப்படி? ஃபாவாட் காட்டிய வழி

போலந்து ஓவியர் யூலியன் ஃபாவாட்டின் (1853–1929) பனிக்காட்சிகளைப் பார்த்துவிட்டு, நானும் நீர்வண்ணத்தில் ஒன்று வரையலாம் என்று உட்கார்ந்து நாலு தாளைப் பாழாக்கினேன். ஐந்தாவதில் பிடிபட்டதை எழுதுகிறேன்.

தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவரின் மகன் அவர். 1886இல் நியெஷ்வியெஷில் (இன்றைய பெலாரஸில் உள்ள ஊர்) ராட்ஜிவில் பிரபுக்கள் நடத்திய வேட்டைக்கு வரையப் போனார். அங்கே பழக்கமான வில்ஹெல்ம், பின்னாளில் ஜெர்மன் பேரரசரானவர், அவரை பெர்லினுக்கு அழைத்துக்கொண்டார். 1895இல் கிராகோ ஓவியப் பள்ளியின் தலைமைக்கு வந்தார்; அவர் காலத்தில்தான், 1900இல், அது அகாடமி ஆனது. கடைசியில் மலையடிவார பிஸ்த்ராவில் குடியேறினார். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.

சரி, தாளை எடுங்கள். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள் வேண்டும். இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, 12ஆம் எண் வட்டத் தூரிகை ஒன்று. அவ்வளவுதான்.

முதலில் பென்சிலால் பனிவெளியில் ஓடும் ஓடை ஒன்றை வளைத்துப் போடுங்கள், தாளின் நடுவில் வேண்டாம். ஃபாவாட் 1885இல் உலகைச் சுற்றியபோது ஜப்பானுக்கும் போனார். ஒரு பக்கம் கனமாக, மறுபக்கம் வெறுமையாக விடும் துணிச்சலில் அந்த ஊர் ஓவியங்களின் சாயல் தெரிகிறது. வானத்துக்கு மெல்லிய சாம்பல் பூச்சு போதும்.

நான் சறுக்கியது அடுத்த இடத்தில். பனியை 'வரைய' வேண்டும் என்று நினைத்து, தாள் முழுக்க வெளிர்நீலம் பூசி, மேலே வெள்ளை போஸ்டர் கலர் வைத்தேன். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது! பனி என்பது நீங்கள் தொடாமல் விட்ட தாள்தான். நிழலை மட்டும் போடுங்கள்: நிறைய நீரில் நீலம், ஒரு துளி சியன்னா. நிழலின் ஒரு ஓரத்தை அப்படியே விட்டு, மறு ஓரத்தை ஈரத் தூரிகையால் கரைத்துவிடுங்கள். உடனே மேடு எழும்பும்.

அப்புறம் ஓடை. இரண்டு நிறத்தையும் கெட்டியாகக் கலந்து ஒரே இழுப்பில் போடுங்கள். அந்தக் கருமைக்குப் பக்கத்தில்தான் வெள்ளை பளிச்சிடும். வெள்ளையாக விட வேண்டிய இடத்தில் வண்ணம் படாமல் தடுக்கப் பூசும் மாஸ்கிங் திரவம் எனக்குப் பிடிக்காது. கத்தரியால் வெட்டிய மாதிரி ஓரம் வரும்.

பின்சேர்க்கை: நிழல் வானத்துக்குள் பரவுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். வானம் காயவில்லை, அதுதான் காரணம். புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.