பி.பார்ம் பாடத்துக்கு சிஓ அட்டெயின்மென்ட் போடுவது எப்படி?

பார்மசி கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர் மேசைக்கு என்பிஏ (படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) ஃபைல் வந்து சேர அதிக நாள் ஆகாது. நீங்கள் நடத்திய பாடம் மாணவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று எண்ணில் காட்டச் சொல்வார்கள். அந்த எண்தான் சிஓ அட்டெயின்மென்ட். நான்காம் செமஸ்டர் பார்மகாலஜி-1 பாடத்தை வைத்தே போட்டுப் பார்ப்போம்.

1. சிஓ (கோர்ஸ் அவுட்கம், பாடம் முடிந்ததும் மாணவரால் என்ன செய்ய முடியும் என்பது) எழுதுங்கள். பாடத்துக்கு ஐந்தாறு போதும். ‘அறிந்துகொள்வார்’ என்று எழுதினால் அளக்க வழியில்லை. ‘புற நரம்பு மண்டல மருந்துகள் செயல்படும் விதத்தை விளக்குவார்’ என்றால் கேள்வி கேட்டே பார்த்துவிடலாம். இது நம் சிஓ3.

2. என்பிஏ பட்டியலில் உள்ள 11 பிஓக்களோடு (புரோகிராம் அவுட்கம், முழுப் படிப்பும் முடிந்ததும் மாணவரிடம் எதிர்பார்க்கும் திறன்கள்) 1, 2, 3 என்று இணையுங்கள்; 1 லேசான தொடர்பு, 3 வலுவான தொடர்பு. தொடர்பில்லாத இடத்தில் கோடு. எல்லாவற்றுக்கும் 3 போட கை துறுதுறுக்கும், வேண்டாம்.

3. 30 மதிப்பெண் செஷனல் (கல்லூரியே நடத்தும் உள்தேர்வு) தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் சிஓ எண் குறியுங்கள். தாள் அச்சுக்குப் போகும் முன்பே இதைச் செய்ய வேண்டும். தேர்வு முடிந்தபின் குறிப்பது வெறும் ஃபைல் வேலை.

4. இப்போது கணக்கு. வகுப்பில் 60 பேர், சிஓ3-க்கு ஒரு 10 மதிப்பெண் கேள்வி, இலக்கு 6 என்று வைத்துக்கொள்வோம். 44 பேர் எட்டினால் 73.3 சதவீதம். 60, 70, 80 சதவீதத்துக்கு முறையே 1, 2, 3 என்று கல்லூரி நிலை வகுத்திருந்தால், இது நிலை 2. பல்கலைத் தேர்வில் நிலை 3 வந்தால், உள்மதிப்பீடு 25, பல்கலைத் தேர்வு 75 என்ற மதிப்பெண் பங்கின்படி 0.5 + 2.25 = 2.75.

5. மாணவர் சர்வே 2.5 என்றால், தேர்வுக்கு 80, சர்வேக்கு 20 என்ற விகிதத்தில் 2.2 + 0.5 = 2.7. இணைப்பு 2 உள்ள பிஓவுக்கு இதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 1.8.

2.7 பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பல்கலைத் தேர்வில் நம் கைக்கு வருவது பெரும்பாலும் மொத்த மதிப்பெண் மட்டும். அதையே எல்லா சிஓவுக்கும் போட்டுவிடுகிறோம். எது பலவீனம் என்று அது சொல்லாது. செஷனல் விடைத்தாள்தான் சொல்லும்.

சிஓ3-க்கான அந்த 10 மதிப்பெண் கேள்வி, ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து விஷத்துக்கான சிகிச்சை என்று வையுங்கள். அட்ரோபின் ஏன் என்று பலரும் எழுதியிருப்பார்கள். பிராலிடாக்சைமை ஏன் சீக்கிரம் கொடுக்க வேண்டும், நேரம் போகப்போக விஷம் முடக்கிய நொதியை ஏன் மீட்க முடியாமல் போகிறது என்ற இடம் காலியாக இருக்கும்.

6. அதனால் ‘எடுத்த நடவடிக்கை’ கட்டத்தில் ‘சிறப்பு வகுப்பு நடத்தப்பட்டது’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘அடுத்த பேட்சுக்கு பூச்சிமருந்து விஷம் கேஸ் ஸ்டடியாக நடத்தப்படும், அதே சிஓவில் மீண்டும் கேள்வி கேட்கப்படும்’ என்று எழுதி, அந்தத் தாளையும் ஃபைலில் சேருங்கள்.