வயர்லெஸ்ஸுக்குப் பவர் சப்ளை மாற்றும்போது சறுக்கும் இடங்கள்

போன வாரம் குளச்சலில் ஒரு விசைப்படகு. வேலை பழக வந்த பையன், 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டரை மாற்றிவிட்டான். மீட்டரில் 13.8 வோல்ட், 12 வோல்ட் செட்டுக்கு இருக்க வேண்டிய அளவுதான். ஸ்பீக்கரில் யாரோ பேசுவது கணீரென்று கேட்டது. "முடிஞ்சுது அண்ணே" என்று ஸ்குரூடிரைவரைத் துடைத்துப் பையில் போட்டான். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் துடைத்துப் போட்டேன்.

பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுப்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு தடவை புகை வந்தால் தானாகப் படிந்துவிடும்.

சுமை ஏற்றாமல் வோல்ட் பார்ப்பது

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சல். படகில் இருக்கும் வி.எச்.எஃப். வயர்லெஸ் செட் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியர் அளவில் ஓடிவிடும். 25 வாட்டில் பேசப் பட்டனை அழுத்தினால் ஐந்து, ஆறு ஆம்பியர் இழுக்கும். சுமையே இல்லாதபோது சொத்தைக் கன்வெர்ட்டரும் 13.8 காட்டும். மேலே '10 ஆம்பியர்' என்று ஒட்டியிருப்பது வெறும் ஸ்டிக்கர்தான்.

இப்படிச் சுமை ஏற்றிப் பார்க்காமல் நான் கன்வெர்ட்டர் மாற்றிக் கொடுத்த ஒரு படகு அன்று ராத்திரியே கடலுக்குப் போனது. ஐஸும் டீசலும் நிரப்பிப் போன படகு மறுநாளே திரும்பிவிட்டது. டிரைவர் சத்தம்கூடப் போடவில்லை. "மக்களே, ஊரு பேசுனா கேக்குது. நாம வாயத் தொறந்தா செத்துப் போவுது" என்றார். 2017 ஒக்கிப் புயலுக்கு அப்புறம் இந்தக் கரையில் அது சிரிக்கிற விஷயம் இல்லை.

இப்போது என் பையில் ஒரு 12 வோல்ட், 55 வாட் ஹெட்லைட் பல்பு எப்போதும் கிடக்கும். செட்டைக் கழற்றி, அது இருந்த வயர் முனையில் பல்பை மாட்டிப் பத்து நிமிடம் எரியவிடுவேன். ஐந்து ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். மீட்டரையும் அந்த முனையில்தான் வைக்க வேண்டும், கன்வெர்ட்டரில் இல்லை. அங்கே 13.6, இங்கே 11 என்றால் புதுக் கன்வெர்ட்டரைத் திட்டாதீர்கள்; வயரைப் பாருங்கள்.

பையனிடம் பல்பைக் கொடுத்தேன். மாட்டியதும் 10.9-க்கு இறங்கியது. வயர் நுனியில் இறுக்கியிருக்கும் உலோக லக்கை வெட்டிப் பார்த்தால் உள்ளே உப்புக்காற்றில் பச்சை பூத்துக் கிடக்கிறது. செம்பு பாதிதான் மிச்சம். கன்வெர்ட்டர்மேல் தப்பே இல்லை. பழையதுகூட நல்லதாகத்தான் இருந்திருக்கும்.

ஏரியல் மாட்டாமல் பட்டனை அழுத்துவது

சிக்னலைப் பெருக்கி ஏரியலுக்கு அனுப்பும் ஃபைனல் டிரான்சிஸ்டர் கருகிவிடலாம். பவர் சப்ளை மாற்ற வந்தவன் அதையும் சேர்த்து வாங்கிக் கொடுக்க வேண்டிவரும். ஏரியல் இல்லையென்றால், அதற்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் டம்மி லோடை மாட்டுங்கள். அப்புறம், சோதனைப் பேச்சுக்கு 16-ஆம் சேனல் வேண்டாம். அது ஆபத்துக்கு அழைக்கும் சேனல்.

கரை செட்டின் எஸ்.எம்.பி.எஸ்.

கரையில் இருக்கும் வயர்லெஸ் செட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை இது, 230 வோல்ட்டில் ஓடுவது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். ஸ்குரூடிரைவரால் பொறி பறக்கவிடுவது வீரம் இல்லை.

பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி

இதைச் செய்கிறவனிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை.