மேலும், மேலும், மேலும்: கட்டுரையில் இணைப்புச் சொற்கள் பிழைக்கும் இடங்கள்

சாதாரண தரப் பரீட்சைக்கு எழுதிப் பழகும் கட்டுரைக் கொப்பியை விரித்தால் வசனத்துக்கு வசனம் 'மேலும்' நிற்கும். அது சலித்த இடத்தில் 'அத்துடன்' வரும். 'யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர்' என்ற தலைப்பென்றால் இப்படி:

"குடாநாட்டில் வற்றாத ஆறுகள் இல்லை. மேலும் மக்கள் கிணறுகளை நம்பியுள்ளனர். மேலும் நிலத்தின் கீழ் சுண்ணாம்புக்கல் உள்ளது. மேலும் அதிகம் இறைத்தால் நீர் உவராகும்."

நாலு வசனமும் உண்மைதான். ஆனால் ஆறு இல்லாதது காரணம், கிணற்றை நம்புவது விளைவு. 'மேலும்' ஒரே வகைச் செய்திகளை அடுக்குவதற்கான சொல். காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவில் அதைப் போட்டால் இரண்டுக்கும் உள்ள உறவு அறுந்துபோகும். திருத்தினால்:

"குடாநாட்டில் வற்றாத ஆறுகள் இல்லை. அதனால் குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் கிணற்றையே நம்பியிருக்கிறோம். அந்தக் கிணற்று நீரோ, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் தங்கிநிற்கும் மழைநீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும்."

இணைப்புச் சொல்லென்று தனியே நிற்பது 'அதனால்' மட்டுமே. மூன்றாம் வசனத்தை 'அந்த' என்ற சுட்டும் 'நீரோ'வின் ஓகாரமும் பிடித்திருக்கின்றன. நாலாவதற்கு 'உவர்' திரும்ப வருவதே போதும்.

அடுத்த பிழை, ஒரே வேலைக்கு இரண்டு சொல். "கிணறு உவரானது, ஏனெனில் அதிகம் இறைத்ததாலாகும்." 'ஏனெனில்' காரணத்தைச் சுட்டியபின் 'ஆல்' எதற்கு? "அதிகம் இறைத்ததால் கிணறு உவரானது" என்றால் முடிந்தது. "மழை பெய்தாலும், ஆனால்" என்பதும் இதே கதைதான்.

'மற்றும்' இப்போது எங்கும் பரவிவிட்டது. பெயர்களை 'உம்' சேர்க்கும்: வெங்காயமும் மிளகாயும் புகையிலையும். வினைகளை எச்சம் சேர்க்கும்: "கிணற்றைத் துப்பரவாக்கினர் மற்றும் மூடி போட்டனர்" என்பதை "கிணற்றைத் துப்பரவாக்கி மூடி போட்டனர்" என்று எழுதுங்கள். 'ஒருபுறம்' என்று தொடங்கி 'மறுபுறம்' வராமலே முடிக்கும் கட்டுரைகளும் உண்டு. முடித்தபின் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

முடிவுரையின் 'எனவே' பெரும்பாலும் பழக்கதோசம். அதற்குமுன் 'ஏன்?' என்று கேட்டுப் பாருங்கள். மேலேயுள்ள பந்திகளில் பதில் இல்லையென்றால் அந்த 'எனவே' பொய்.

பந்திக்கும் பந்திக்கும் நடுவில் அந்தாதி முறை நன்றாக உதவும். ஒரு பந்தி "உவர் மேலே ஏறிவிடும்" என்று முடிந்தால் அடுத்ததை "உவர் ஏறிய கிணற்றை நம்பித் தோட்டம் செய்வது கடினம்" என்று தொடங்கலாம். எல்லாப் பந்தியிலும் செய்தால் இதுவும் சலிக்கும்.

எழுதியபின் இணைப்புச் சொற்களைப் பென்சிலால் வெட்டிவிட்டு வாசியுங்கள். தடக்காத இடங்களில் அவை வேண்டாம். தடக்கும் இடத்தில் எந்தச் சொல்லைப் போட்டும் சரிவரவில்லையென்றால், நடுவில் ஒரு வசனம் விடுபட்டிருக்கும். முதல் எடுத்துக்காட்டில் சுண்ணாம்புக்கல்லிலிருந்து உவருக்குத் தாவியதும் அப்படித்தான். அடியில் உவர்நீர் இருக்கிறது என்பதையே அது சொல்லவில்லை.